ஆனைக்கசத்துக் குஞ்சலக்கெண்டை

கொளத்தூர், சென்னை
18.6.1995

அன்புள்ள கோமுவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருப்பதாக நானே எழுதிக்கொள்கிறேன். நீதான் ஒரு கார்டுகூடப் போடுவதில்லையே.

ஒரு நல்ல செய்தி. நம் குஞ்சலக்கெண்டை இங்கே தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது. போன வருஷக் கோடையில் ஆனைக்கசத்திலிருந்து கொண்டுவந்ததில், ஏற்றுமதிக்குக் கொடுத்தது போக, விற்க மனமில்லாமல் சில ஜோடிகளை வைத்திருந்தேன். இந்த மலை மீன் தொட்டியில் பெருகவே பெருகாது என்று இந்த வண்ணமீன் கடைத் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தண்ணீரில் வாதாம் இலையைப் போட்டு வைத்தேன், என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் முதன்முதலாக அதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் சிவப்பு நூல்கள் நீண்டு தொங்குவதைப் பார்த்து, "குஞ்சலம் கட்டியிருக்கு பாருங்க, அதுவும் ஆம்பிளை" என்று நீ சிரித்தாய். நீ வைத்த பெயரைத்தான் இங்கே வியாபாரிகள் எல்லோரும் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரர், "சுத்த சைவம்னு சொல்லித்தான் வாடகைக்கு வந்தீங்க, எப்பப் பாரு மீன் வாசனையோடவே வர்றீங்களே" என்று கேலி செய்கிறார். மாடியில் நல்ல வெளிச்சமான அறை ஒன்று உனக்காகச் சும்மா இருக்கிறது. வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன் அத்தான்,
குமரவேல்


சிவமயம்
அம்பாசமுத்திரம்
2.7.1995

அன்புள்ள அத்தானுக்குக் கோமு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. குஞ்சு பொரித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று பொய் எழுத வரவில்லை. ஆனால் "நம்" குஞ்சலக்கெண்டை என்று எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். கோடையில் ஓடை வற்றி, இருந்த மீனெல்லாம் ஆழத் தண்ணீர் நிற்கும் அந்த ஒரு கசத்தில் ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து வலையைப் போட்டு அரித்தீர்கள். நான் கரையில் நின்று போதும், போதும் என்று கத்தினேன். "இன்னும் ஒரு வீச்சு" என்றீர்கள்.

ஆனைக்கசத்தில் மறுபடி மீன் தெரியும்வரை ஒரே வீட்டில் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கு நான் சொன்னது கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னதுதான்.

இந்தக் கோடை விடுமுறை முழுக்க ஷேக் மைதீனின் ஜீப்பில் மலையில் அலைந்தேன். எஸ்டேட் பாதை முடிகிற இடத்திலிருந்து நடை. கால் நிறைய அட்டைக்கடி. ஓடை ஓடையாக இறங்கி, நீங்கள் அடியில் கண்ணாடி ஒட்டிக் கொடுத்த டப்பாவைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். கல்லைப் பிடித்துத் தொங்கும் மீன் இருக்கிறது, வரிபோட்ட பொடி மீன் இருக்கிறது, நண்டு இருக்கிறது. நம்முடையது ஒன்றுகூட இல்லை. பாருங்கள், எனக்கும் "நம்முடையது" என்றுதான் வருகிறது. கசத்துக்கு மேலேயும் அருவி, கீழேயும் அருவி. அந்த ஒரு இடத்தோடு அது நின்றுபோன சாதிதான் போலிருக்கிறது.

அப்பா வழக்கம்போலத்தான். "பிள்ளைமார் வீட்டு மருமவன் மீன் விக்கான்னு ஊரே சிரிக்கி" என்றார். "கொல்லவா விக்காவ, வளக்கத்தானப்பா விக்காவ" என்று நான் சண்டைக்குப் போனேன். உங்களை நான் திட்டலாம், பிறத்தியார் திட்டினால் பொறுக்கவில்லை. என்ன பிறவியோ.

கோமு


கொளத்தூர், சென்னை
20.8.1995

அன்புள்ள கோமுவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அப்பாவோடு எனக்காகச் சண்டை போட்டாயே, அந்த இடத்தை மட்டும் தனியாகப் படித்தேன்.

இங்கே ஒரு கலவரம் நடந்து ஓய்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கமீன்களை ஒரு தொட்டியில் விட்டிருந்தேன். அவற்றுக்கு உடம்பில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் பிடித்து, துடுப்பெல்லாம் கரைந்து, பாதிக்கு மேல் செத்துப்போயின. தொட்டிக்குத் தொட்டி ஒரே வலைதானே, குஞ்சலக்கெண்டைக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நாள் மூலையில் சுருண்டு கிடந்தன. கல்லுப்பு போட்டேன், மருந்து போட்டேன், பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன். பிழைத்துக்கொண்டன. இப்போது பார்த்தால் நோய் வந்த மாதிரியே இல்லை. நான் தொட்டிப் பக்கம் போனாலே கூட்டமாக மேலே வந்து வாயைத் திறக்கின்றன.

அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இன்னொரு வீச்சுதான் நினைவுக்கு வருகிறது. போட்டிருக்க வேண்டாம் கோமு.

உன் அத்தான்,
குமரவேல்


சிவமயம்
அம்பாசமுத்திரம்
28.9.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். ஆனைக்கசத்தில் மீன் இருக்கிறது.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை விட்டதும் ஷேக் மைதீனைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பிக்கையில்லாமல்தான் போனேன். மேல்பக்கம் பெரிய பாறைக்கு அடியில், மரத்தின் வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறதே, அந்த இருட்டில் டப்பாவை அமுக்கினேன். என் நிழல் பட்டதும் சட்டென்று வேருக்குள் ஓடி ஒளிந்தன. மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். ஒன்று தலை நீட்டியது. பிறகு இன்னும் சில. இரண்டு மூன்றுக்கு இப்போதுதான் குஞ்சலம் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் வலைக்குத் தப்பிய ஏதோ ஒரு ஜோடி, பாவம், வேருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. நான் அழுதுவிட்டேன். ஷேக் மைதீன் பார்க்காததுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன். இந்த மழை கழிந்தால் தானாகப் பெருகிவிடும். உங்கள் மீனுக்கு உடம்பு தேறியதும் சந்தோஷம். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், வலையை வெயிலில் காயப்போடுங்கள்.

தீபாவளிக்கு வாருங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும்ளா, அவன் என் தங்கச்சி மவன்தான, எனக்கென்ன விரோதம்" என்றார். உங்களுக்கு எட்டு முழ வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். மேலே போய் இருவரும் பார்க்கலாம், வலை இல்லாமல். அதற்குப் பிறகு சென்னையா அம்பாசமுத்திரமா என்று பேசிக்கொள்ளலாம். எனக்கு இப்போது எதுவானாலும் சரி.

அன்புடன்,
கோமு


கொளத்தூர், சென்னை
9.10.1995

என் கோமுவுக்கு,

தீபாவளிக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதுவரை பொறுக்க முடியவில்லை. போன வாரம் நான் அங்கே வந்துவிட்டுப் போனேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் தோன்றியது இதுதான். எங்கே எடுத்தேனோ அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த குஞ்சலக்கெண்டை அத்தனையையும் ஆக்ஸிஜன் பைகளில் கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன். மலையில் பிறந்த பழைய ஜோடிகள் மட்டும் பயணம் தாங்காது என்று இங்கேயே விட்டுவிட்டேன். நெல்லையில் பஸ் மாறிப் பாபநாசத்தில் இறங்கி முங்கிக் குளித்தேன். படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டேன். பிறகு ஈர வேட்டியோடு ஷேக் மைதீனின் ஜீப்பில் மேலே போனேன். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவரைக் கோபிக்காதே.

பைகளை உடனே அவிழ்க்கவில்லை. கசத்தில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பையின் தண்ணீரும் கசத்துத் தண்ணீரும் கலந்து பழகிய பிறகுதான் விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. கசம் முழுக்கச் சிவப்பு நூல் ஓடியது. நீ பார்த்த அந்தச் சில மீன்களும் வேருக்குள்ளிருந்து வந்து கலந்துகொண்டன.

திரும்பும்போது உன் பள்ளிக்கூடத்து வாசலில் ஜீப் நின்றது. உள்ளே பாடம் நடத்தும் குரல் கேட்டது. உன்னுடையதா என்று தெரியவில்லை. இறங்கவில்லை. நீ போய்ப் பார்த்து, நீயாகவே கண்டுபிடித்து மலைக்க வேண்டும் என்று ஆசை. அதையும் இப்போது இப்படி எழுதிக் கெடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வந்துவிடுவேன்.

உன் அத்தான்,
குமரவேல்


சிவமயம்
அம்பாசமுத்திரம்
16.10.1995

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு மேலே போனேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

வேருக்குள் இருந்தவை செத்து மிதந்தன. உடம்பெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. குஞ்சலம் கரைந்துபோயிருந்தது. கல்லைப் பிடித்துத் தொங்கும் மீனும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. உங்கள் தொட்டி மீன் நோயோடு வாழப் பழகியிருந்தது. அந்த ஓடை அதற்கு முன் அந்த நோயைப் பார்த்ததே இல்லை.

நீங்கள் விட்டவை மட்டும் உயிரோடு இருந்தன. ஓடி ஒளியவில்லை. என் நிழல் விழுந்ததும் இரை போடுவேன் என்று கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்தன. மீன்கொத்தி ஒன்று கிளையில் இருந்து இறங்கி இறங்கி எடுத்துக்கொண்டிருந்தது. அலுங்காமல் எடுத்தது. கைதட்டி விரட்டினேன், கல்லை விட்டு விரட்டினேன். எவ்வளவு நேரம் விரட்ட முடியும்? நான் கிளம்பும்போது மிச்சமிருந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்குள் அவையும் போயிருக்கும்.

ஷேக் மைதீன், "அண்ணாச்சி அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா சிரிச்சாவ, டீச்சர்" என்றார்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தங்கமீனுக்கு நோய் வந்ததையும் நம்முடையதற்கு ஒட்டியதையும் நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக் கொடுக்கிற நான் அதைப் படித்துவிட்டு, வலையைக் காயப்போடுங்கள் என்று பதில் எழுதினேன். மீன் தெரியும்வரை ஒரே வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லி உங்களை விரட்டியதும் நான்தான். நீங்கள் எடுத்துக்கொண்டு போனபோது எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. திருப்பிக் கொடுத்ததற்கு எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை அத்தான். நெஞ்சு ஆறவும் இல்லை.

தீபாவளிக்கு வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்து, அங்கே இருக்கும் பழைய ஜோடிகள்தான் இனி உலகத்திலேயே மிச்சம். அவற்றை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் ஒரு நாள்கூட எங்கும் நகரக் கூடாது. விற்காதீர்கள். இங்கே கொண்டுவரவும் கூடாது, என்றைக்குமே.

வேட்டியைப் பார்சலில் அனுப்புகிறேன், கட்டிக்கொள்ளுங்கள். மாடியில் எனக்காக வைத்திருப்பதாக எழுதினீர்களே ஓர் அறை, அதில் தொட்டியைத் தனியாக வையுங்கள். அதற்கென்று தனி வலை வையுங்கள். வேறு மீனைத் தொட்ட கையோடு அந்த அறைக்குள் போகாதீர்கள். வெளிச்சமான அறை என்றீர்கள், சன்னலுக்கு ஏதாவது திரை போடுங்கள். அவை இருட்டில் இருந்து பழகியவை.

கோமு