புழுவுக்கு உறைத்த வசாபி

அன்புள்ள சிகுசாவுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே இஸு மலையில் நானும் மிசாவோ சித்தியும் ஓடைத் தண்ணீரும் சுகம். அங்கே சப்போரோ பனியில் நீயும் உன் ஆய்வுக்கூடத்துத் தட்டைப்புழுக்களும் சுகமாக இருக்க மலைச்சாமி பார்த்துக்கொள்ளட்டும். உன்னைப் பெற்றது அண்ணன், வளர்த்தது நான், ஆகவே அறிவு என்னுடையது என்று ஊரே சொல்கிறது. முதலில் சொன்னது நான்தான்.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, சாதாரண ஆளாக இருந்தால் மூன்று முறை செத்திருப்பான். அதற்குப் பிறகு நம் தோட்டத்து வசாபிக் கிழங்கில், மூக்கில் சுர்ரென்று ஏறுமே, அந்தக் காரமே இல்லை. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் தேய்த்து அரைத்து வாயில் வைத்தால் ஈர மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது. சித்தி ருசி பார்த்து, "நல்லாத்தானே உறைக்குது" என்றாள். கடலோரத்துக்காரி, அவளுக்கு என்ன தெரியும்? இந்தப் பள்ளத்தாக்கில் நாக்கு என்றால் என் நாக்குதான். பயிருக்குச் சீக்கு வந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒன்றரை வருடமாக வளர்த்த மூவாயிரம் செடியையும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி எறிய ஆள் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. தட்டைப்புழு வழக்கமாக வழுக்கிக்கொண்டே போகும், சூடோ காரமோ பட்டால் மட்டும் உடம்பைச் சுருக்கிச் சுருக்கி நீட்டி ஓடும் என்று எழுதியிருந்தாயே. இதற்கு எதற்குப் பல்கலைக்கழகம், நம் வசாபிப் பாத்தியில் கல்லைப் புரட்டினால் ஆயிரம் கிடக்கிறது. நம் வசாபியில் காரம் செத்ததைப் புழுவை வைத்தே நிரூபிக்கலாம் என்று கோழி ஈரலைக் கட்டிப் பாத்தித் தண்ணீரில் தொங்கவிட்டேன், விலாங்கு அளவுக்கு ஒன்று வந்தது. சரி, சுண்டுவிரல் நகம் அளவு. சித்தியின் தேநீர்க் கிண்ணத்தில் விட்டு, பக்கத்துப் பாத்திக்கார கொன்ரொகுவைச் சாட்சிக்கு உட்காரவைத்தேன். முதலில் வெறும் ஓடைத்தண்ணீர் ஒரு சொட்டு: மைத்துனர் கல்யாணத்துக்கு வந்தவர் போல அசட்டையாக வழுக்கிப் போனது. அடுத்து நம் வசாபிச் சாறு ஒரு சொட்டு: அப்பப்பா, சுருங்குவதும் நீளுவதும், கிண்ணத்தை விட்டே ஏறப் பார்த்தது! இன்னொன்றைக் குறுக்கே வெட்டி, தலையில்லாத வால் துண்டின் மேல் சாற்றை விட்டேன். அதுவும் அப்படியே சுருண்டு ஓடியது. கொன்ரொகு சொன்னான், "தலையே இல்லாததுக்குக் கூட உறைக்குது, உனக்கு உறைக்கலையே அண்ணே!"

பயிருக்குச் சீக்கில்லை அம்மா. அந்தக் காய்ச்சலில் என் மூக்குதான் போய்விட்டது.

இதைச் சித்தியிடம் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன். நேற்று சாப்பாட்டில் மீனோடு பச்சை நிற விழுது ஒன்றை அரைத்து வைத்திருந்தாள். வாயில் போட்டதும் கண்ணைத் துடைத்து, தலையைப் பிடித்து, "அடேயப்பா, என்ன காரம்!" என்று கத்தினேன். அவள் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அது வெள்ளரிக்காய்ங்க" என்றாள். பிறகு அவளே போய் ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். செடி பிழைத்தது.

வெட்டிய வாலுக்கு இப்போது புதுத் தலை முளைத்து, குட்டிக் கண் இரண்டும் வந்துவிட்டது. மூக்குக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று உன் பேராசிரியரிடம் கேள், எனக்கு என்று சொல்லாதே, கொன்ரொகுவுக்கு என்று சொல். கழுத்தில் துணி சுற்றிக்கொள், காலையில் சாப்பிடாமல் போகாதே. நீண்ட ஆயுளும் நல்ல பேரும் உனக்கு வரட்டும். அறுவடைக்குக் கட்டாயம் வா. இந்த வருடம் ருசி பார்க்கச் சித்தியும் ஒரு புழுவும்தான் இருக்கிறார்கள்.

உன் சித்தப்பா
தொகுஜிரோ