அடுப்படிக்கு வந்த சர்க்கார் மரம்

கள்ளக்குறிச்சி
22.11.1987

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதிக்கறது. இங்க உங்கப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒண்ணும் கொறையில்ல, மனசு எப்படி இருக்குதுன்னு இந்தக் காயிதத்தப் படிச்சு முடிச்சா உனக்கே தெரியும். அங்க நீயும் மருமவ கலையரசியும் கொழந்த ஆகாஷும் சௌக்கியமா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கினு இருக்கேன். பிலாய்ல இப்ப குளிரு ஆரம்பிச்சிருக்கும், கொழந்தைய காதுக்குக் குல்லா போடாம வெளிய தூக்கினு போகாதீங்க.

ஊரு வந்து சேந்த லெட்டரோட சரி, அப்புறம் ஒரு வரி எழுதலன்னு கோவிச்சுக்கினு எழுதியிருந்த. எனக்கு எங்கடா நேரம், உங்கப்பாகிட்ட மாட்டிகினு முழிக்கறதுக்கே பொழுது சரியாப் போவுது. உன் வூட்டுல ஒரு மாசம் ராணி மாதிரி இருந்தேன், பட்டனத் திருப்பினா அடுப்பு எரியுது, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. அவருந்தான் ரெண்டாவது தம்ளரு காபி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. ரயிலு பெஜவாடா தாண்டினதும் மனுஷன் மாறிப் போயிட்டாரு. டிசம்பர் முப்பத்தொண்ணோட வேலைய வுட்டு நிக்கப் போறோம், நோட்டீஸும் குடுத்தாச்சு, அம்பத்திநாலு வயசுலயே பென்ஷன்ல வாழணும்னா இப்பலேர்ந்தே பழகிக்கணும்னு ஆரம்பிச்சாரு. சம்பளம் வந்துகினு இருக்கும்போதே பென்ஷன் வாழ்க்கைக்கு ஒத்திகை பாக்கற மனுஷன நீ எங்கனா பாத்திருக்கியா? அர லிட்டரு பாலு கால் லிட்டரு ஆச்சு. குளிக்கற சோப்ப நூலு வெச்சு மூணா அறுத்து, ஒரு துண்ட வெளிய வெச்சுட்டு மீதிய பொட்டியில வெச்சுப் பூட்டி சாவிய அரணாக்கயித்துல கட்டிக்கினாரு. பேப்பர நிறுத்திட்டு சலூன்ல போயி ஓசியில படிக்கறாரு, முடி வெட்டிக்க வந்தீங்களான்னு கேட்டதுக்கு அடுத்த மாசம்னு சொல்லிட்டு வந்திருக்காரு, மானம் போவுது. கடைசியா கிருஷ்ணாயில் ஸ்டவ்வையும் பரண் மேல தூக்கிப் போட்டுட்டு, விறகு அடுப்பே போதும், அதுவும் கடை விறகு வேணாம், எங்க கம்மியா கெடைக்குதோ பாருன்னுட்டாரு. அங்கதான் வந்துது வினை.

வேலைய வுடறது எனக்கும் சம்மதந்தான், பொய் சொல்லக் கூடாது. வருஷக்கணக்கா தாரு காயற ரோட்டுல நின்னு நின்னு ரெண்டு காலும் சாயங்காலமானா பூசணிக்கா மாதிரி வீங்கிப் போவுது, நிக்காதீங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரோடு இன்ஸ்பெக்டரு நிக்காம இன்னா பண்ணுவாரு? டிசம்பர் எப்ப வரும்னு நாந்தான் நாள எண்ணிகினு இருந்தேன்.

நாங்க உன் வூட்டுல இருந்தப்பதான இங்க இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்ட மறிச்சாங்க. கேக்கறது நியாயம்டா, நம்ம புள்ளைங்களுக்கும் சேத்துதான் கேக்கறாங்க, துப்பாக்கி சூட்டுல செத்தவங்க வூடுகள நெனச்சா சோறு எறங்கல. ஆனா ரோட்டோரத்துப் புளியமரம் இன்னா பாவம் பண்ணுச்சு, வெட்டிக் குறுக்கால தள்ளிட்டாங்க. ஊருக்கு வந்த அன்னிக்கி உளுந்தூர்பேட்டையில பஸ்ஸு மாறினதும் உங்கப்பா ஜன்னலோரம் உக்காந்து அடிமரத்த தியாகதுருகம் வர்ற வரைக்கும் எண்ணினு வந்தாரு. அத்தன மரத்துலயும் வெள்ளப் பெயிண்டுல நம்பரு போட்டு ரிஜிஸ்டர் வெச்சிருக்கறது அவருதான. எந்த நம்பரு மரம் போச்சு, வெட்டின கட்டை எங்க போச்சுன்னு பாத்து எழுதற வேலையும் அவரு தலையிலயே விழுந்துது. ஏலம் வுட வேண்டிய கட்டைய ஊரே வண்டி கட்டி அள்ளினு போயிடுச்சு, இவரு வீங்கின காலோட சைக்கிள மிதிச்சுகினு வூடு வூடா தேடறாரு.

இந்த நேரத்துல உன் மாமன், என் கூடப் பொறந்த சின்னதுரை, ஒரு வண்டி விறகு கொண்டாந்து எறக்கினான். வெள்ளிமலையில தெரிஞ்சவரு கொல்லையில பட்டுப்போன மரம்க்கா, கடை வெலையில பாதி குடு போதும்னான். நானும் சிக்கனம் பண்ணிட்ட சந்தோஷத்துல வாங்கி அடுக்கிட்டேன். தெரிஞ்சே வாங்கினேன்னு சொல்ல மாட்டேன், தெரியாம வாங்கினேன்னும் சொல்ல மாட்டேன். பட்ட மரம்னா பச்ச வாசன எப்படி அடிக்கும்? மூக்குக்குத் தெரிஞ்சுது, புத்தி கேக்கல. உங்கப்பா கூட இப்பதான் உனக்குப் புத்தி வந்துதுன்னு மெச்சினாரு. மறுநாளு வெந்நீர் வெக்க ஒரு கட்டையப் பொரட்டினவரு குனிஞ்சபடியே நின்னாரு. போய்ப் பாத்தா வெள்ளப் பெயிண்டு, நூத்திப் பதினெட்டு.

நான் கொடுவாள எடுத்து பட்டைய செதுக்கப் போனேன், கைய புடிச்சிகினாரு. ஊர்ல எந்த அடுப்பப் பாத்தாலும் சர்க்கார் மரந்தான் எரியுது, நம்ம அடுப்புல எரிஞ்சா மட்டும் சட்டம் வந்துடுமான்னு கத்தினேன், தலையில அடிச்சிகினேன். அவரு ரிஜிஸ்டர எடுத்து, நூத்திப் பதினெட்டாம் நம்பர் மரத்துக் கட்டை தெய்வசிகாமணி, ரோடு இன்ஸ்பெக்டர் வூட்டுக் கொட்டாயில இருக்குதுன்னு தன் கையாலயே எழுதிட்டாரு. உலகத்துல எவனாச்சும் தன் பேர தானே திருட்டுக் கணக்குல எழுதுவானாடா? நாலே நாள்ல மெமோ வந்துது. விசாரண முடியற வரைக்கும் ரிட்டயர்மெண்டு கெடையாதாம், முடிய ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, தப்புன்னு ஆயிட்டா பென்ஷன்லயும் கை வெப்பாங்களாம். ஆனா விசாரிக்கற ஆபீசரு நல்ல மனுஷன், விறகு கொண்டாந்தவன் பேர மட்டும் சொல்லுங்க, உங்க மேல ஒண்ணும் வராது, முப்பத்தொண்ணாந் தேதி மாலையோட வூட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னாராம்.

பேரு வெளிய வந்தா போலீசு மரம் வெட்டின கேசுல சின்னதுரைய சேத்துடுவாங்க. வெட்டினது அவன் இல்ல, விழுந்து கெடந்தத அள்ளினான், அத்த யாரு கேப்பாங்க? மூணு பொட்டப் புள்ள வெச்சிருக்கான். பொழுது விடிய பின்பக்கமா வந்து என் கால புடிச்சுகினு அழுதான். ஒரு பக்கம் கூடப் பொறந்தவன், ஒரு பக்கம் அவரு காலு, நான் யாருக்குன்னு பேசறது? தன் வூட்டையே காட்டிக் குடுத்த மனுஷன் மச்சான வுட்டு வெப்பாரான்னு நெனச்சிகினு, விசாரணைக்குப் போறவருகிட்ட ஒரு வார்த்த கேக்கல. திரும்பி வந்தவரும் சோறு போடுன்னதோட சரி.

அவரு ஆபீஸ் பியூன் முனியன்தான் ரெண்டு நாளு கழிச்சு என்கிட்ட சொன்னாரு. ரோட்டோரம் கெடந்தத நானே வண்டி வெச்சு எடுத்துனு வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாராம். எடுத்தவரே ஏன் ரிஜிஸ்டர்ல எழுதினீங்கன்னு ஆபீசரு கேட்டாராம், நம்பர அப்புறந்தான் பாத்தேன்னாராம். முப்பத்தோரு வருஷ சர்வீசுல அவரு எழுதின மொத பொய்யி இது. அதுவும் என் தம்பிக்காக, டிசம்பர்ல நிக்கறதையும் வுட்டுட்டு. திட்டலாம்னு தெனமும் வாயத் தொறக்கறேன், அழுகதான் வருது, அந்தக் கோவமும் அவரு மேலயே வருது. இன்னிக்கும் காலுல துணியச் சுத்திகினு ரோட்டுக்குப் போயிட்டாரு.

எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. உனக்கு அவரு தனியா எழுதுவாரு, ஒடம்பு இப்ப தேவல, இன்னும் நாலு வருஷம், அம்பத்தெட்டு வரைக்கும் வேலை பாக்கலாம்னு தோணுதுன்னு. ஏன் எதுக்குன்னு கேக்காத கண்ணு. சரிப்பா, உங்க இஷ்டம்னு நம்பினவனாட்டம் பதில் போடு.

உங்க மூணு பேருக்கும் எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதமும் எப்பவும் உண்டு, நோய் நொடி இல்லாம இருங்க. இத்த முனியன் கையில குடுத்துதான் தபால்ல போடச் சொல்றேன், படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு, மறந்துடாத.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தம்