பதினைந்தில் ஆடு, சமால்

அன்பு மகள் சமாலுக்கு, தராஸிலிருந்து அப்பா எழுதுவது.

நீ ஆடி ஜெயிக்கக்கூடிய பந்தயங்களிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, உள்ளே நுழையவே முடியாத பந்தயங்களில் போட்டிருக்கிறார்கள். பதினொரு வாரமாக இதுதான் நடக்கிறது. இது அநியாயம். செய்தவர்கள் உன் மாமா கைர்பெக்கும் உன் பயிற்சியாளர் தாமிரும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் நான். இதை எழுதாமல் நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் முதலில் எழுதினேன். நாங்கள் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, முழங்கால் வலி திரும்பாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை, நாங்கள் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை.

எதிர்வீட்டு ஸம்ஸகுல் நீ இருக்கிற அந்தல்யாவுக்கே ஓட்டல் வேலைக்கு வருகிறாள், சனிக்கிழமை அங்கே இருப்பாள், கடிதத்தை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். உலர்ந்த தயிர் உருண்டையும் அம்மா கட்டிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, காரணம் போன வாரம் நீயாகக் கூப்பிட்டு அவளிடம் சொன்ன வார்த்தை. டென்னிஸ் ராக்கெட்டையெல்லாம் வித்துட்டு ஓட்டல்ல குழந்தைங்களுக்குப் பந்து அடிக்கச் சொல்லிக் குடுக்கப் போறேன்மா, அப்பாகிட்ட சொல்லாதே என்று சொன்னாயாம். அவள் அன்றே சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே, முப்பது வருடமாக அவளால் என்னிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

நான் ஊர் வீடுகளுக்குச் சூடு அனுப்புகிற வெப்ப நிலையத்தில் வால்வு திருப்புகிறவன். டென்னிஸ் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று குளிர்காலம் படித்தேன். உன் தாமிருக்கு அது தேவைப்படவில்லை. பதினைந்து, முப்பத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று பந்தயங்களைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள், எண் ஏற ஏற ஆட வருகிறவர்கள் பலசாலிகள். மூன்று ஆட்டம் ஆடினால் இரண்டை ஜெயிக்கிற படி எதுவோ அதுதான் ஒருவருடைய படி. இது புத்தகத்தில் இல்லை, உன் ஆட்டங்களை நோட்டில் எழுதி எழுதி நானே கண்டது. போன செப்டம்பரில் நீ பதினைந்தில் இரண்டு கோப்பை வாங்கினாய். குளிர்காலம் முழங்கால் வலியோடு போயிற்று. மே மாதம் எழுந்து வந்த பெண்ணை மறுபடி பதினைந்தில் விட்டு, கால் பழகியதும் முப்பத்தைந்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா? நேராக நூறு. ஏழு வாரம் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. நான்கு வாரம் அதுகூட இல்லை, யாராவது வராமல் போனால் உள்ளே விடுவோம் என்று உன்னைப் பையோடு வாசலில் உட்கார வைத்தார்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள். உனக்கு ஆட வரவில்லை என்று நீ நினைக்க ஆரம்பித்திருக்கிறாய். ஆட விட்டால்தானே வரும். அந்தக் கோப்பைகளின் புள்ளிகள் ஒரு வருடம் முடிந்து அடுத்த மாதம் உதிரும். உதிர்ந்தால் தரவரிசையில் உன் இடம் ஐந்நூற்று எண்பதிலிருந்து தொள்ளாயிரத்துக்குப் போகும், அப்புறம் பதினைந்தின் கதவும் உனக்கு மூடிவிடும். உன் ராக்கெட்டை நீயே விற்க வேண்டியதில்லை, அவர்களே விற்றுவிடுவார்கள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். கோப்பைகளுக்கு மாமா வைத்த விருந்தில் பெரியவர் ஓமர்பெக் கையை விரித்து ஆசி கூறினார். நூறைத் தொடு மகளே, நூறுக்குக் கீழே நிக்காதே என்றார். எண்பது பேர் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள், அவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைர்பெக் தொடையைத் தட்டி, கேட்டீங்கல்ல, நூறுன்னு பெரியவர் வாய்லயே வந்துருச்சு, இனிமே எம் மருமக சின்னப் பந்தயத்துல கால் வெக்க மாட்டா என்றான். ஆசி வாங்கிய பிறகு கீழே இறங்குவது நம்மிடம் வெட்கக்கேடு. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றுவரை உன்னை எந்தப் பந்தயத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள்.

போன ஞாயிறு அக்கா இந்திராவின் குழந்தை முதல் நடை நடப்பதற்காகக் காலில் கட்டிய கயிற்றை அறுத்தோம். நீதான் அறுக்க வேண்டும் என்று இந்திரா ஒரு மாதம் தள்ளிப் போட்டுப் பார்த்தாள், கடைசியில் பள்ளிக்கூட டீச்சரைக் கூப்பிட்டாள். குழந்தை நான்கு அடி நடந்து விழுந்தது, எல்லாரும் மிட்டாய் வீசினார்கள். ஓமர்பெக்கும் வந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரியவரே, அந்த ஆசியைத் திருப்பி எடுத்துக்கணும், நூறு என் பொண்ணைக் கொல்லுது என்றேன். அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எந்த நூறுடா தொலேகென் என்றார். பந்தயத்து நூறு என்றேன். டேய், நான் ஆயுசு முழுக்க மாட்டு வைத்தியம் பாத்தவன், எனக்குத் தெரிஞ்ச நூறு ஒண்ணுதான், அது வயசு, புள்ள நூறு வருஷம் இருக்கட்டும்னு சொன்னேன், அதைக் கொண்டுபோய்ப் பந்துல சேத்துட்டீங்களா, பாவிங்களா என்றார். சமால், எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்து மாதமாக உன்னைக் கட்டிப்போட்ட ஆசி என்று ஒன்று இல்லவே இல்லை.

அங்கேயே கைர்பெக்கைக் கூப்பிட்டுப் பெரியவரை மறுபடி சொல்லச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், முகம் மட்டும் கறுத்தது. பெரியவர் என்ன நினைச்சா என்ன மச்சான், ஊரு கேட்டது நூறு, என் டயர் கடைக்கு வர்றவன் எல்லாம் மருமக எங்க ஆடுறான்னுதான் கேக்குறான், பதினஞ்சுன்னு சொல்லிட்டு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது என்றான். நான் விடவில்லை. கடைசியில், நீங்க போய் வால்வைத் திருப்புங்க, பொண்ணை நான் பாத்துக்கிறேன் என்று எழுந்து போய்விட்டான். தாமிருக்குப் போன் செய்தேன். அண்ணே, டிக்கெட் எடுக்கிறவர் சொல்ற ஊருக்குத்தானே போக முடியும் என்றான். பயிற்சியாளர் பேசுகிற பேச்சா அது.

நான் தூங்கிப் பல நாளாயிற்று. இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன், ஒன்றும் விடாமல் நடக்க வேண்டும். உன் அம்மா தன் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும், போய் அழாமல் பேச வேண்டும். ஓமர்பெக் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு எல்லார் காதிலும் விழும்படி தான் சொன்னது வயதைத்தான் என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் கூடவே நிற்பேன். தாமிர் உன் பெயர் பதிகிற கணக்கின் கடவுச்சொல்லை உன் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அவனைப் பயிற்சியாளர் என்று இனி நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நான் டயர் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, என் மகள் பதினைந்தில் ஆடுகிறாள் என்று என் வாயால் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் என்னுடையதாக இருக்கட்டும். கைர்பெக் டிக்கெட்டை நிறுத்தினால் நம் காரை விற்க வேண்டும், அதுவும் என் வேலை.

மீதி உன் வேலை. அக்காள் பிள்ளை மூன்று முறை கேட்பதைத் தாய்மாமன் மறுக்கக் கூடாது, நம் வழக்கம் அது, கைர்பெக் என்ன வீம்பு பிடித்தவனாக இருந்தாலும் அதை மீற மாட்டான். ஏழு வயதில் குதிரைக்குட்டி கேட்டாய், கொடுத்தான். பதினாலு வயதில் அந்தல்யாவில் பயிற்சி கேட்டாய், கொடுத்தான். ஒன்று மிச்சம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு ஆகும் என்று அம்மா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். கல்யாணம் கிடக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே அவனுக்குப் போன் செய். மாமா, என் மூணாவதைக் கேக்குறேன், என்னைப் பதினஞ்சுல ஆட விடுங்க என்று சொல். காரணம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே. சொல்லிவிட்டுப் போனை வை.

உன் தலைக்கு மேல் எங்கள் இருவர் கையும் இருக்கிறது, நீ எங்கே ஆடினாலும், ஆடாவிட்டாலும். அந்தச் சனிக்கு அடுத்து வரும் வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பெயர் பதிவு முடிகிறது, மறந்துவிடாதே. விருப்ப வரிசையில் முதல் இடத்தில் பதினைந்தைப் போடு, இரண்டாவது இடத்தில் எதையும் போடாதே. போய் ஒரே ஒரு ஆட்டம் ஜெயி. அதற்குப் பிறகு ராக்கெட்டை விற்பதானால் வில், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தோற்றுவிட்டு விற்க நான் சம்மதிக்கவில்லை.

உன் அப்பா,
தொலேகென்