துடைத்த பிறகும் வளர்ந்த தோல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இந்தச் சீஸ் பண்ணையில் பசும்பாலில் செய்யும் மெத்தென்ற சீஸுக்கு வெண்பூசணம்தான் தோல். அது தெரியாமல் ஒரு சீஸ் வட்டத்தைப் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

"பச்சப்புள்ளைய இப்படியா குளிப்பாட்டுவ? மறுபடி வளந்தா உனக்கு வேலை, இல்லேன்னா மூட்டையக் கட்டு!" என்றார் முதலாளியம்மா. பாதி விளையாட்டுதான், பயப்படாதே.

சீஸ் முதிர வைக்கும் நிலவறைக்குத் தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு காலையில் அதன்மேல் பஞ்சுபோல வெண்மை படர்ந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத உயிர்! கைகூப்பத் தோன்றியது.

முதலாளியம்மா அதையே என்னிடம் கொடுத்து, "குளிர் விட்டதும் தோலோட தின்னு," என்றார். வெட்டியதும் உள்ளே வெண்ணெயாய் நெகிழ்ந்தது. முதலில் காளான் மணம், பிறகு பால். பங்கு கேட்க ஆளில்லாததால் முழுவதையும் நானே தின்றேன்.

நிலவறை சில்லிடுகிறது, கம்பளிக் காலுறை அனுப்பு. முகவரியை அண்ணன் எழுத வேண்டாம், நீயே எழுது; உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன் மகள்