சூளைத் தெருவை வெட்டிய கோடு

ஜூன் 3

அன்பான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். தன்னாட்சி நகரங்களின் எல்லைகள் நூறு வருஷத்தில் எப்படியெல்லாம் மாறின என்று உங்கள் ஆவணக் காப்பகம் போடும் வரைபடத் தொகுதியில், நம் ஊர்ப் பக்கம் உன் கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தம்பி நகரமன்றத் தலைவர், அக்கா வரைபடக்காரி. அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் ஊருக்கு எப்போதும் கால்வாய்தான் எல்லை என்று போட்டுவிடு. கால்வாய்க்கு அப்பால் இருக்கும் செங்கல்சூளைத் தெருக்காரர்கள், தங்களை ஊரோடு சேர்க்கச் சொல்லி எல்லை ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். ஆணையம் உங்கள் வரைபடத்தைத்தான் பார்க்கப்போகிறது. அந்தத் தெருவும் உள்ளே இருந்த பழைய எல்லையையும் நீ போட்டால், அவர்களை வெளியே தள்ளியவர் அப்பா என்று சந்தி சிரித்துவிடும். ஒரு கோடுதானே அக்கா!

உன் அன்புத் தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

ஒரு கோடுதானா? அதை அப்பா இழுத்தபோது நீ தொட்டிலில் கிடந்தாய். எனக்கு ஒன்பது வயது. சூளைத் தெருவில் காய்ச்சல் பரவியது. நல்ல தண்ணீருக்குக் குழாய் போடச் சொல்லிக் கேட்டார்கள். அன்றைக்குத் தலைவராக இருந்த இவர் மன்றத்தைக் கூட்டி, அந்தத் தெருவையே ஊரிலிருந்து வெட்டி எறிந்தார். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த சூளைத் தெருப் பெண்ணை டீச்சர் வாசலிலேயே நிறுத்தி, "நீ இப்ப வெளியூர்ப் பிள்ளை. இங்க படிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார். அப்பாவிடம் கேட்டேன். "சாப்பிடும்போது பேசாதே" என்றார்.

எத்தனையோ ஊர்களில் எல்லைக்கல் தேடி முள்ளிலும் சேற்றிலும் நடந்திருக்கிறேன். ஆற்றுக்குப் பயந்து சுருங்கிய ஊர் உண்டு, போருக்குப் பயந்து சுருங்கிய ஊர் உண்டு. சொந்த ஜனங்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் பயந்து சுருங்கியது நம் ஊர் ஒன்றுதான். சூளைத் தெருக் கடைசியில் பழைய எல்லைக்கல் இன்னும் நிற்கிறது, அதன்மேல் துணி துவைக்கிறார்கள். இரண்டு எல்லையையும் வருஷத்தோடு போடத்தான் போகிறேன். அப்பா பேரைக் காப்பாற்ற அவ்வளவு ஆசையாக இருந்தால், அவர் கொடுக்காத தண்ணீரை நீ கொடு.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

தூரத்தில் உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம். இங்கே ஓட்டுக் கேட்டு வீடு வீடாய் அலைபவன் நான். அந்தத் தெரு உள்ளே வந்தால் எனக்கா போடுவார்கள்? மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டேன், திருப்திதானே?

உன்னைப் படிக்க வைத்தவர் முகத்தில் கரி பூச எப்படி மனசு வந்தது? உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். "அவ சொல்றது பொய்யாடா?" என்று கேட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. வீட்டையும் இரண்டாக்கிவிட்டாய்.

நீ சொன்ன கல் இப்போது அங்கே இல்லை. ரோடு போட வந்த இயந்திரம் பெயர்த்துவிட்டது. உன் இயக்குநரிடமும் பேசினேன். சொந்த ஊர் வரைபடத்தை நீயே போடுவது முறையில்லை என்று அவருக்கும் பட்டதாம்.

தம்பி


ஆகஸ்ட் 7

தம்பிக்கு,

நினைத்ததைச் சாதித்தாய். நம் ஊர்ப் பக்கத்தை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். "மேலிடத்துல சொல்றாங்கம்மா" என்று இயக்குநர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கல்லைப் பெயர்த்த மடையனே, அது நின்ற இடத்தை நான் போன வருஷமே அளந்துவிட்டேன்.

வரைபடத்தில் போட விடாததால்தான் லீவு போட்டு ஆணையத்தின் விசாரணைக்கு வந்தேன். என்னைக் கண்டதும் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்தாயே, எனக்கே வெட்கமாக இருந்தது. "நீங்க யார் சார்பா பேசறீங்க?" என்று ஆணையர் கேட்டார். "தெருவை வெட்டினவரோட மகளாப் பேசறேன்" என்றேன். குரல் நடுங்கியதைப் பயம் என்று நினைத்திருப்பாய். உன்மேல் வந்த ஆத்திரம் அது. காய்ச்சலையும் பள்ளி வாசலையும் சொன்னேன், அளவுகளைக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது ஒருத்தி வழி மறித்தாள். அன்று திருப்பி அனுப்பப்பட்ட பெண் தான்தான் என்றாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "உங்களை எனக்கு ஞாபகமே இல்ல. அந்த வாசல்தான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது எனக்கும் வேண்டியதுதான்.

இன்று உத்தரவு வந்துவிட்டது. சூளைத் தெரு இனி ஊருக்குள். அவர்களுக்கும் நீதான் தலைவன். போய்க் குழாயைப் போடு.

அக்கா


ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. ஆணையத்தின் உத்தரவுப்படி செங்கல்சூளைத் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி தொடங்கப்பட்டுள்ளது. நகர எல்லை தொடர்பாக இனி அலுவலக முகவரிக்கு மட்டுமே எழுதவும். வீட்டு முகவரிக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்படமாட்டா.

இப்படிக்கு,
நகரமன்றத் தலைவர்

பி.கு.: தட்டச்சு செய்யும் பெண் போய்விட்டாள், இது என் கையால் எழுதுவது. அம்மா ரிக்‌ஷா பிடித்துப் போய்க் குழாய் பதிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு பேசி, நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். உனக்கு வேலை அதிகம், இனி வர முடியாதாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.