ஏரி கோடி போன காலையில்

அக்கா,

மொட்டை மாடியில் அம்மா சீயக்காய் காயப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் மழை விட்டு வெயில் வந்ததும், வெந்தயமும் பூந்திக்கொட்டையும் ஆவாரம்பூவும் சேர்ந்து காயும் வாசனை படிக்கட்டு வழியாக என் அறைவரை இறங்கி வருகிறது. நான்கு வருஷமாக இந்த வாசனை வந்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடுவேன். தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இன்று சாத்தவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன், அன்று நம் முகாமை நடத்திய சார் போன் செய்தார். மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்டதைச் சொன்னார். பிறகு இந்த மார்கழி முகாமுக்கும் எங்கள் ஊரில் ஒரு மண்டபம் பார்த்துவைக்கச் சொன்னார். இரண்டுக்கும் நான் "சரி சார்" என்றேன்.

நாம் சந்தித்தது, கடல் உங்கள் ஊருக்குள் வந்து ஒரு வருஷம் முடியப்போன மார்கழியில். வீட்டில் ஒருவரையாவது பறிகொடுத்த பன்னிரண்டு குடும்பங்களை மூன்று நாள் வேறு ஊரில் தங்கவைப்பது சாரின் திட்டம். பேசுகிறவர்கள் பேசட்டும், அழுகிறவர்கள் அழட்டும், ஒன்றுமில்லாவிட்டால் தூங்கட்டும். அந்த நாள் திரும்பி வரும்போது கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றார். நான் அப்போதுதான் படிப்பை முடித்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உத்திரமேரூர்க்காரி என்பதால் இடம் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஒன்றைத் திறந்து காட்டினேன். சார் உள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டார்.

"பக்கத்துல தண்ணி ஏதாவது இருக்காம்மா?"

"ஏரி இருக்கு சார். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. இங்கேர்ந்து தெரியாது."

"சத்தம் கேக்குமா?"

"ஏரிக்கு ஏது சார் சத்தம்?"

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருடைய கேள்வியின் காரணம் எனக்குப் புரிந்திருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

துக்கத்தைப் பற்றி நான் அப்போது நிறையப் படித்திருந்தேன். மரமும் நீரும் திறந்தவெளியும் மனதை எப்படி ஆற்றும் என்று ஒரு நோட்டு நிறையக் குறிப்பெடுத்திருந்தேன். எங்கள் ஊர் உங்களுக்கு ஏன் ஒத்துக்கொண்டது என்பது அதில் எங்கேயும் இல்லை. முதல் நாள் காலையில் மண்டபத்துப் பின்வாசலில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "இங்க காத்துல உப்பு இல்லம்மா. தர கெட்டியா கீது. எங்கூர்ல கால வெச்சா உள்ள வாங்கும்." பிறகு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, "ஒரு எல கூட ஆடல. இன்னா ஊரும்மா இது, மூச்சு வுடுதா இல்லியா?" என்று கேலி செய்தீர்கள். அந்த ஆடாத காற்றில், அங்கே வந்த பெண்கள் முதல் பகலிலேயே அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள்.

நீங்கள் தூங்கவில்லை. தேவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் சின்ன மகளுக்கு அப்போது ஏழு வயது. அலை வந்தபோது ஒரு கையில் பெரியவளையும் ஒரு கையில் இவளையும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். கரையேறியபோது ஒரு கைதான் நிறைந்திருந்தது. அன்றிலிருந்து தேவி தலையில் தண்ணீர் பட விடவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒரு வருஷம் ஓட்டியிருந்தீர்கள். முடி சிக்குப் பிடித்துக் கயிறாகக் கிடந்தது. வட்டமாக உட்கார்ந்து இந்த முகாமில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சார் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இது தலிக்கு ஒரு சொம்பு ஊத்திக்கினா போதும்" என்றீர்கள்.

அடிபம்பு பக்கத்தில் முதல் நாள் காலுக்கு ஊற்றினீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் தோள்வரை ஊற்ற விட்டாள். சொம்பையே முறைத்துக்கொண்டு நின்றவள் திடீரென்று சொன்னாள்:

"நாளிக்கி தலிக்கு ஊத்து. வெயில் வந்தப்பறம்."

"எத்தினி சொம்பு?"

"ஒண்ணு."

"ரெண்டு?"

"ஒண்ணுன்னேன்ல."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். கண் மட்டும் வழிந்தது. "வூட்ல சீக்கா இருந்தா காலைல எடுத்தாம்மா" என்று என்னிடம் கேட்டீர்கள். மறுநாள் அம்மா அரைத்துவைத்த பொடியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்தேன்.

அன்று காலையில்தான் ஏரி கோடி போனது. ஏரி நிறைந்து, மிகுதித் தண்ணீர் கற்சுவரைத் தாண்டி வழிவதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். பல வருஷம் நடக்காது. நடந்தால் ஊரே திரண்டு போகும். மேளம் அடிப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். என் பெரியப்பா இறந்து ஒரு மாதத்துக்குள் ஒருமுறை கோடி போனது. வீட்டை விட்டு வெளியே வராமலிருந்த பெரியம்மா அங்கே வந்து, வழியும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கிறவர்கள் நாங்கள். எங்கள் துக்கம் அப்படிப்பட்டது, எங்கள் ஊருக்கு ஏற்றது. எல்லாருடையதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அப்பா மொபெட்டில் மண்டபத்துக்கே வந்து சொன்னார். "கோடி போயிட்ச்சிம்மா. வர்றியா?"

"இவங்களயும் இட்டுக்கினு வரட்டா நைனா?"

"இட்டுக்கினு வாயேன். பாவம், நல்லதா ஒண்ண கண்ணால பாக்கட்டும்."

சார் காஞ்சிபுரத்துக்கு டாக்டரை அழைத்துவரப் போயிருந்தார். மற்றவர்கள் வரவில்லை என்றார்கள். நீங்களும் தயங்கினீர்கள். "தண்ணிதானேம்மா?" என்றீர்கள். "கடல் மாதிரி இல்லக்கா. அது பாட்டுக்கு வழிஞ்சிக்கினு இருக்கும். பாத்தா சந்தோசமா இருக்கும்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "இவ்ளோ ஆசயா கூப்புட்ற, வா போலாம்" என்று தேவியை இடுப்பில் தூக்கிக்கொண்டீர்கள்.

கரை திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தேவி உங்கள் கழுத்தை இறுக்கினாள். "இன்னாக்கா அது?" என்று என்னிடம் கேட்டாள். "மேளம்டி" என்றேன். மேளம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் கற்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் மீன் பிடித்தார்கள். கோடியின் முதல் தண்ணீரைக் கையில் அள்ளி உச்சியில் தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் முழுக்க நல்லது என்பார்கள். அப்பா எனக்குத் தெளித்தார். நான் அம்மாவுக்காக என் தலையிலேயே இன்னொரு கை தெளித்துக்கொண்டேன். அப்புறம் குனிந்து அள்ளி, உங்கள் இடுப்பிலிருந்த தேவியின் தலையில் தெளித்தேன்.

அவள் கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. இடுப்பிலேயே மூத்திரம் போய், உங்கள் புடவை நனைந்து அவள் காலிலிருந்து சொட்டியது. பிறகு உங்கள் தோளைக் கடித்தாள். கடித்த வாயை விடவில்லை. நீங்கள் முந்தானையால் அவள் தலையைச் சுற்றி மூடி, யாரையும் பார்க்காமல் நடந்தீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு "ஒண்ணுமில்ல, மயக்கம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள். இரண்டு கிலோமீட்டரும் உங்கள் பின்னால் வந்தேன். ஒருமுறைகூட நீங்கள் திரும்பவில்லை, நானும் கூப்பிடவில்லை.

சார் வந்ததும் கேட்டார். "ஏரிக்கு யார் கூட்டிக்கிட்டுப் போனது?"

நான் வாய் திறக்க ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியில் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

"நான்தான் சார். ஏரி பாக்கணும்னு நான்தான் கேட்டேன்."

அவர் கோபக்காரர் இல்லை. அன்று கோபப்பட்டார். "பெத்த தாய் செய்யற வேலையாம்மா இது? ரெண்டு நாளா கொழந்தை பட்ட பாடு உங்க கண்ணுக்குத் தெரியலையா? வேடிக்கை பாக்கற ஆசை அவ்வளவு முக்கியமா?" பன்னிரண்டு குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளையைக் கை நழுவ விட்டவளிடம் சொல்லக்கூடாத சொற்கள் அவை. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கத்தரிக்கோல் கேட்டீர்கள். ஆபீஸ் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் தூங்கிக்கொண்டிருந்த தேவியின் முடியை ஒட்ட வெட்டினீர்கள். சீயக்காய் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, "ஒங்க ஏரி நல்லாத்தான் கீதும்மா" என்றீர்கள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும்.

அறிக்கை எழுதியது நான். "நீர்நிலை சார்ந்த அமைதியான சூழல் பங்கேற்றவர்கள் மனம்திறக்க உதவியது" என்று ஒரு வரி எழுதினேன். நல்ல தமிழ் என்று சார் பாராட்டினார். அந்த வரியை நம்பித்தான் அடுத்த வருஷ முகாமை ஏரிக்கரையை ஒட்டிய மண்டபத்தில் வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமலிருந்தேன். வந்தவர்களில் யார் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை.

உங்கள் கருமாதிக்கு வந்தேன், அக்கா. செங்கல்பட்டில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாம் என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். உங்கள் வீட்டு வாசலில் தேவி நின்றிருந்தாள். நல்ல உயரம். முடி அன்று வெட்டியதுபோலவே ஒட்ட இருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கி, கோணலாக.

"அத்தைக்கு நேரா வெட்டத் தெரில" என்றாள். நான் பார்த்ததைப் பார்த்திருக்கிறாள். "அம்மா மாசாமாசம் வெட்டும்."

பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "கோடி காட்ன அக்காதான நீங்க? இந்த வருசம் ஒங்க ஏரி ரொம்பிச்சா? மழ பேஞ்சா அம்மா சொல்லும், அந்தப் பொண்ணு ஊரு ஏரி இந்நேரம் ரொம்பிருக்கும்னு."

அவளிடம் சொன்னேன். அன்று உன் அம்மா கேட்கவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், மேளம் என்று பொய் சொன்னதும் நான்தான் என்றேன்.

"தெரியுமே" என்றாள். "நான் அங்கதான இருந்தேன். ஏன் பொய் சொன்னன்னு அம்மாவ கேட்டேன். நம்மள சார் ஒரு நாளு திட்டுவாரு, அந்தப் பொண்ண வேலய வுட்டே அனுப்பிட்டா இன்னா பண்றதுன்னிச்சி."

அப்போது சடங்குக்காக எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். தேவி வீட்டுக்குள் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியிலிருந்து பிடரிவரை தானே துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பழகியிருக்கிறார்கள்.

நேற்றுச் சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் அறிக்கையைப் பற்றி, பிறகு அந்தக் காலையைப் பற்றி. இந்த முறை வருகிறவர்களிடமே எந்த ஊர், எந்த மாதம், எது காதில் விழக்கூடாது என்று கேட்டுவிட்டு இடம் பார்க்கலாம் என்றேன். அவர் அதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தம்மாவை நான் எப்படியெல்லாம் பேசினேன்" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீ பக்கத்துலயே நின்னியேம்மா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அன்று உங்கள் மேல் விழுந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது, அக்கா, வரிசை மாறாமல். அவை என்னுடையவை. உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள நான்கு மழைக்காலம் இருந்தது, நான் வரவில்லை.