மடிப்புக்கு விட்ட உயரம்

அம்மா,

உன் வெட்டு மேசையின் சாவித் துவாரத்தில் இன்று ஒரு நீலச் சாக்பீஸ் கிடைத்தது. நகத்தளவு துண்டு. நீதான் அதில் செருகி வைத்திருப்பாய். எடுத்து மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது, உன் வாசனை இல்லை. அதற்கே அழுகை வந்துவிட்டது.

அத்தை உள்ளே தூங்குகிறார். விளக்குப் போட்டால் எழுந்துவிடுவார் என்று ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா மில்லுக்கு இரவு ஷிப்டு போயிருக்கிறார். காலையில் பழைய மரம் வாங்குகிறவர் வந்து இந்த மேசையை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். அத்தைதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அத்தை சொன்னதை உன்னிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. "இன்னொருத்தர் வீட்டுத் தலைவாசக் கதவக் கொண்டாந்து படுக்கப் போட்டு, அது மேல கத்திரி ஓட்டுனா வீடு விளங்குமா? அதான் வீட்டுக்காரியவே கொண்டு போயிருச்சு." நான் அடுக்களையில் நின்று கேட்டேன். அந்தக் கதவைக் கைகாட்டியது நான்தானே அம்மா.

அதற்கு முன்னால் நீ தரையில் பாயை விரித்து, முட்டி போட்டுத்தான் துணி வெட்டுவாய். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "அப்பாடி" என்பாய். உன் முட்டி இரண்டும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன. ஒரு மேசை வாங்கியே தீருவது என்று நாம் ஊரெல்லாம் அலைந்தோம். புதுப் பலகை மேசை நம் கைக்கு எட்டவில்லை. சமையல்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு மேசையை நீ கையால் அழுத்திப் பார்த்தாய், தொட்டில் மாதிரி ஆடியது. கல் பட்டறையில் உடைந்த கிரானைட் பலகையை மலிவாகத் தருகிறேன் என்றார்கள். "கத்திரி முனை கல்லுல பட்டா நாளைக்கே மழுங்கிரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய்.

பழனி ரோட்டுப் பழைய மரக் கடையில்தான் அது சுவரில் சாய்ந்து நின்றது. நல்ல அகலம், சமமான முகம். "அம்மா, இதப் படுக்கப் போட்டா?" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். உடனே கழுத்திலிருந்த டேப்பை உருவி, அகலத்தையும் நீளத்தையும் அளந்தாய்.

"எந்த வாசலுக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வாசலுக்கு இல்லண்ணே. படுக்கப் போட."

"படுக்கவா? கட்டில் கடை அங்கிட்டு இருக்கு."

"நான் படுக்க இல்லண்ணே, துணி படுக்க" என்றாய். பிறகு சாவித் துவாரத்தில் விரலை விட்டு, "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல உக்காந்துக்கிட்டு சாவியில்லாத கதவ விக்கிறீங்களே, கொறச்சுப் போடுங்க" என்றாய். அவர் சிரித்துவிட்டார். கால் நான்கையும் அவரே அடித்துக் கொடுத்தார்.

யார் வீட்டுக் கதவு என்றும் நீ கேட்டாய். ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்த வீடு, அவர்கள் வேறு வீடு கட்டிப் போய்விட்டார்கள் என்றார். அவ்வளவுதான். நீ கவலைப்படவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் இரவில் அத்தையின் குரல்தான் முதலில் வருகிறது.

மேசை வீட்டுக்கு வந்த அன்று நீ அதன் முன்னால் நின்று கத்திரியைப் பிடித்தாய். தோள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. "என்னத்துக்கு இம்புட்டு ஒசரம்?" என்று அப்பா கேட்டார். நீ வாயைப் பொத்திக்கொண்டாய்.

"அய்யய்யோ, அளவு சொல்லும்போது மடிப்புக்கும் சேத்து விட்டுட்டேங்க!"

பாவாடைக்கு விடுவதுபோல மேசைக் காலுக்கும் ரெண்டு இஞ்ச் கூட விட்டிருக்கிறாய். அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மரத்தையும் மடிச்சு அடிச்சுருவியா? அறுத்துருவோமா, சொல்லு."

"வேணாம், இருக்கட்டும். இவ வளந்துருவா. அப்ப இவளுக்குச் சரியா இருக்கும்." அதற்குப் பிறகு கீழே ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் வெட்டினாய்.

கதவுப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. முதல் துணியில் சாக்பீஸ் கோடு அதில் இறங்கி ஏறியது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தோம். அதன் மேல் கல்யாண பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, சாவித் துவாரத்துக்கு மட்டும் ஓட்டை விட்டு, இழுத்து ஆணி அடித்தோம். வெள்ளைப் பக்கம் மேலே, பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே. "பாவம்டி, குப்புறக் கெடக்காக, மூச்சு முட்டும்" என்று நீ சொல்ல, நான் சுத்தியலைக் கீழே போட்டுச் சிரித்தேன்.

அப்பா மில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மேசையில் தட்டுவார். கதவல்லவா. "உள்ள ஆள் இருக்கா?" என்பார். நீ தலை நிமிராமல், "உள்ள ஆள் இருக்கு, பொறுங்க" என்பாய். பஞ்சு ஒட்டிய தலையோடு அப்பா சிரித்துக்கொண்டே நிற்பார்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அப்பா மறுபடி வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் நாள், வழக்கம்போல மேசை அருகே வந்து கையைத் தூக்கினார். விரல் மடங்கியிருந்தது. தட்டவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பதில் எனக்குத் தெரியும், ஆனால் குனிந்து தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினேன். அவர் கையை இறக்கிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அத்தை கதவைப் பற்றிப் பேசியது அதற்கு அப்புறம்தான். அப்பா தலையாட்டியது அத்தை சொன்னதை நம்பி இல்லை என்று நினைக்கிறேன். பதில் வராத கதவை அவரால் பார்க்க முடியவில்லை.

கொஞ்சம் முன்னால் உன் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு வெறுந்தரையில் நின்று பார்த்தேன். முழங்கை மடங்காமல், தோள் ஏறாமல், கை சரியாக மேசையில் பதிகிறது. எனக்குச் சரியாகிவிட்டது அம்மா. நான் வளரும்போது நீ இருக்க மாட்டாய் என்று யாரும் அப்போது சொல்லவில்லையே.

அத்தையிடம் எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. அப்பாவிடம் கேட்டால் அவர் அழுதுவிடுவாரோ என்றும் பயம். ஆனால் காலையில் அப்பாவின் மில் பஸ் வரும்போது மரக்காரர் இன்னும் வந்திருக்க மாட்டார். உன் கத்திரியையும் என் பழைய சீருடைப் பாவாடையையும் மேசையில் வைத்துக்கொண்டு, அப்பா வரும்போது நான் இங்கே நிற்பேன். நீலச் சாக்பீஸ் என் உள்ளங்கையில் இருக்கும். அவர் கையைத் தூக்கினால் போதும், சொல்லிவிடுவேன்.

தூக்காவிட்டால் நானே தட்டுவேன். நானே சொல்வேன்: "உள்ள ஆள் இருக்குப்பா, பொறுங்க."